வெண்திரையும் நம் வீட்டுப் பிள்ளைகளும்

மாதத்தில் இரண்டு ஞாயிறுகளிலேனும் சிறு கலையரங்கம் ஒன்றில் நல்ல படங்களைக் காட்டும் ஏற்பாட்டை நம் சங்கம் மேற்கொள்ளலாகாதா என்று திருப்பதியிலும் சித்தூரிலும் உள்ள அன்பர்கள் சிலர் கேட்டு வருகின்றனர். “கையிலுள்ள தொலைபேசியிலேயே எல்லாப் படமும் வந்து விழும் நாளில் மண்டபமும் திரையும் எதற்கு?” என்று கேட்போரும் உளர். இரு சாராரும் நம்மவரே. ஆதலால் இம்மாதம் இப்பகுதியை இந்த விஷயத்திற்கே ஒதுக்குகிறோம்.

வேண்டாமென்போர் சொல்வதில் பாதி உண்மை. படம் கிடைக்கிறது, சேர்ந்து பார்ப்பதுதான் கிடைக்கவில்லை. நம் வீடுகளில் மாலைப் பொழுது எவ்வாறு கழிகிறதென்று நேயர்களே எண்ணிப் பார்க்கலாம். கூடத்தில் பாட்டியார் தமிழ்த் தொடர் பார்க்கிறார். தகப்பனார் கிரிக்கெட் பார்க்கிறார். உள்ளறையில் பிள்ளை காதில் குமிழ் மாட்டிக்கொண்டு தெலுங்குப் படம் பார்க்கிறான். ஒரே கூரையின் கீழ் மூன்று கொட்டகைகள்! பள்ளியில் தெலுங்கு, பாடப் புத்தகத்தில் ஆங்கிலம், வீட்டில் சோறு கேட்கவும் சில்லறை கேட்கவும் தமிழ் என்ற அளவுக்கு நம் பிள்ளைகளின் தாய்மொழி சுருங்கி வருகிறது. தமிழில் சிரிக்கவும், வாதாடவும், “இந்தக் கதாபாத்திரம் செய்தது தப்பு” என்று எடுத்துச் சொல்லவும் அவர்களுக்கு இடமே இல்லை. எழுத்து வகுப்பு நடத்தினால் இரண்டு வாரம் வருகிறார்கள். மூன்றாம் வாரம் பரீட்சை வந்துவிடுகிறது. ஆனால் படம் என்றால் வராத பிள்ளை உண்டோ?

சிறிய ஊரில், சிறிய அரங்கில், இது நடவாத காரியம் என்று எண்ண வேண்டுவதில்லை. நமக்கு அண்டை மாநிலமான கர்நாடகத்தில், சிவமொக்கா ஜில்லா சாகர தாலுக்காவில் ஹெக்கோடு என்ற மலைநாட்டுச் சிற்றூர் இருக்கிறது. பாக்குத் தோட்டக்காரர்கள் வாழும் ஊர். அங்கே 1949இல் நாடகத்தின் பொருட்டு ‘நீநாசம்’ என்ற சங்கம் தோன்றிற்று. அதனை வளர்த்தவர்களுள் தலையாயவரான கே. வி. சுப்பண்ணா, நாடகத்தோடு நில்லாமல் 1973இல் அச்சங்கத்தைச் சேர்ந்த திரைப்படக் கழகம் ஒன்றையும் நிறுவினார். உலகப் புகழ்பெற்ற படங்களை அந்தக் கிராமத்தாருக்குக் காட்டினார்கள். சத்யஜித் ராயின் ‘பாதேர் பாஞ்சாலி’, இத்தாலியரான டி சிகாவின் ‘சைக்கிள் திருடர்கள்’ போன்றவை அங்கே திரையில் ஓடின.

‘சைக்கிள் திருடர்கள்’ 1948இல் வந்த படம். சுவரொட்டி ஒட்டும் வேலைக்குச் சைக்கிள் இன்றியமையாதது. முதல் நாளே அது களவு போய்விடுகிறது. அதைத் தேடித் தகப்பனும் சிறு மகனும் ரோமாபுரித் தெருக்களில் அலைகிறார்கள். கதை இவ்வளவுதான். பிழைப்புக்கு வேண்டிய பொருளைப் பறிகொடுத்தவன் துயரத்தை அறிய இத்தாலிய மொழி தெரிந்திருக்க வேண்டுமா என்ன? பாமரருக்கு இவையெல்லாம் விளங்கா என்று பட்டணத்தில் சொல்லப்பட்டு வந்ததை ஹெக்கோடு பொய்யாக்கிவிட்டது. சுப்பண்ணா சினிமாவைப் பற்றிக் கன்னடத்திலேயே நூல்களும் எழுதினார். 1991இல் அவருக்கு மக்ஸாய்ஸாய் விருது கிடைத்தது. விருதைக் காட்டிலும், வேலை முடிந்து வந்தவர்கள் ஒன்றாக உட்கார்ந்து படம் பார்த்துத் தம் மொழியிலேயே அதைப் பற்றிப் பேசிக்கொண்டார்கள் என்பதே நமக்கு வேண்டிய செய்தி.

திரைப்படக் கழகங்கள் நம் நாட்டிற்குப் புதியன அல்ல. 1947இல் ராயும் சிதானந்த தாஸ்குப்தாவும் பிற நண்பர்களும் கல்கத்தாவில் ஒரு கழகம் கண்டனர். 1959இல் அகில இந்தியச் சம்மேளனம் ஏற்பட்டது; ராய் அதன் தலைவரானார். தமிழிலும் இத்தகைய கழகங்களை நம்பிப் பிழைத்த படங்கள் உண்டு. ஜெயகாந்தன் தம் கதையைத் தாமே இயக்கி 1965இல் வெளியிட்ட ‘உன்னைப்போல் ஒருவன்’ அரசாங்கத்தின் பரிசு பெற்றும், கொட்டகைக்காரர்கள் அதற்கு எளிதில் இடம் தரவில்லை. ஜான் ஆபிரகாம் 1977இல் எடுத்த ‘அக்கிரகாரத்தில் கழுதை’யையும் கழகங்களின் திரையிலே கண்டவர்களே மிகுதி.

ஆனால் நம் அரங்கில் இவற்றைக் கொண்டு தொடங்க வேண்டும் என்பது நம் கருத்தன்று. நமக்கென்றே செய்து வைத்தாற்போல வேறொரு செல்வம் கிடக்கிறது. அதைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல விரும்புகிறோம்.

தெலுங்குப் படவுலகம் பல ஆண்டுகள் சென்னையில்தான் இருந்தது. ஒரே ஸ்டூடியோவில், ஒரே அரங்க அமைப்பில், காலையில் தெலுங்குக் காட்சியும் மாலையில் அதே காட்சி தமிழிலுமாக எடுத்த காலம் ஒன்றுண்டு. விஜயா ஸ்தாபனத்தார் 1955இல் எல். வி. பிரசாத் டைரக்ஷனில் தெலுங்கில் ‘மிஸ்ஸம்மா’ என்றும் தமிழில் ‘மிஸ்ஸியம்மா’ என்றும் வெளியிட்ட படத்தை முதியோர் மறந்திருக்க மாட்டார்கள். வேலையில்லாத பட்டதாரிகள் இருவர், ஆசிரியர் உத்தியோகத்தின் பொருட்டுக் கணவன் மனைவி என்று நடித்துக்கொண்டு அயலூர்க்குச் செல்கிறார்கள். அவன் இந்து, அவள் கிறிஸ்தவப் பெண். இரண்டிலும் சாவித்திரியே கதாநாயகி. தெலுங்கில் ராமராவ் ஏற்ற வேடத்தைத் தமிழில் ஜெமினி கணேசன் ஏற்றார். துப்பறியும் பித்துக்கொண்ட இளைஞனாகத் தெலுங்கில் நாகேஸ்வரராவ் வருகிறார்; தமிழில் தங்கவேலு வருகிறார். வசனமும் பாட்டும் தெலுங்கில் பிங்களி நாகேந்திரராவ், தமிழில் தஞ்சை ராமையாதாஸ்.

இவ்விரண்டையும் அடுத்தடுத்த காட்சிகளாகக் காட்டினால் என்ன நடக்கும்? தெலுங்கில் தேர்ந்த நம் பிள்ளை, “தாத்தா, அங்கே அவர் சொன்னது வேறு, இங்கே சொல்வது வேறு” என்பான். தாத்தா, “தங்கவேலுவின் பேச்சில் ஒரு குசும்பு இருக்கிறது, கேள்” என்பார். இலக்கணப் புத்தகத்தைத் திறவாமலே இரண்டு மொழிகளின் மூச்சும் அவனுக்குப் பிடிபட்டுவிடும்.

1957இல் வந்த ‘மாயாபஜார்’ இதனினும் சுவையானது. கடோற்கசனாக இரு மொழியிலும் எஸ். வி. ரங்காராவே நடித்தார். கலியாண விருந்தை அவர் ஒருவரே உண்டு தீர்க்கும் காட்சியில் முகம் ஒன்று. பாடும் குரல்களோ இரண்டு. தெலுங்கில் மாதவபெத்தி சத்தியம், தமிழில் திருச்சி லோகநாதன். எந்தக் குரல் அந்த வயிற்றுக்குப் பொருந்துகிறது என்று பிள்ளைகளைத் தீர்ப்புச் சொல்ல விடலாம். நம் தீர்ப்பை நாம் சொல்லப் போவதில்லை. அக்கம்பக்கத்தாரோடு மனத்தாங்கல் வரும்!

அக்கம்பக்கத்தார் என்றதும் இன்னொன்று நினைவுக்கு வருகிறது. இக்காட்சிகளுக்குத் தெலுங்கு நண்பர்களையும் அழைக்க வேண்டும். சித்தூர் ஜில்லா 1911இல் வடாற்காட்டின் பகுதிகளையும் சேர்த்து அமைந்தது. 1953இல் ஆந்திர ராஜ்யத்தோடு சென்றது. 1960இல் திருத்தணி சென்னை ராஜ்யத்திற்கு வந்தது. கோடுகள் இப்படி மாறி மாறி விழுந்த மண்ணில், தமிழர் மட்டும் கதவடைத்துக்கொண்டு படம் பார்ப்பது அழகன்று.

இதற்கு நல்ல சான்று சித்தூர் நாகையா. அவர் பிறந்த ஊர் சித்தூரன்று, குண்டூர் பக்கம். சித்தூரில் சபையின் நாடக மேடையில் பேர் பெற்றதனால் ஊர்ப்பெயர் அவரோடு ஒட்டிக்கொண்டது. அமெச்சூர் சபை ஒன்றின் மேடை எத்தனை பெரியவரை ஆக்கி அனுப்பியது பாருங்கள்! தமிழில் 1941இல் பாகவதரோடு ‘அசோக்குமார்’, 1945இல் எம். எஸ். சுப்புலட்சுமியோடு ‘மீரா’, தெலுங்கில் 1946இல் அவரே இயக்கி நடித்த ‘தியாகய்யா’. தெலுங்கில் பாடித் திருவையாற்றில் வாழ்ந்த தியாகராஜரின் சரித்திரம் அது. தமிழ் பேசித் திருப்பதியில் வாழும் நாம் அதைப் பார்க்காமல் வேறு யார் பார்ப்பது? 1965இல் அவர் பத்மஸ்ரீ பெற்றார்; 1973இல் மறைந்தார். நம் பிள்ளைகளுள் எத்தனை பேருக்கு அவர் பெயர் தெரியும்?

இனிக் காரியத்திற்கு வருவோம். முதலாவது உரிமை. வீட்டிற்கென்று சந்தா கட்டிப் பெறும் படத்தை மண்டபத்தில் பலருக்குக் காட்டும் அனுமதி அந்தச் சந்தாவில் அடங்காது. நம் நாட்டுச் சட்டப்படி ஒரு சினிமாப் படத்தின் பதிப்புரிமை, அது வெளிவந்த ஆண்டிற்கு அடுத்த ஆண்டின் தொடக்கத்திலிருந்து 60 ஆண்டுகள். எனவே 1955ஆம் ஆண்டுப் படத்திற்கு 2015ஆம் ஆண்டோடும், 1957ஆம் ஆண்டுப் படத்திற்கு 2017ஆம் ஆண்டோடும் அந்தக் காலம் முடிந்தது. ஆயினும் பாட்டு, கதை முதலியவற்றின் உரிமைக் கணக்கு வேறு. புதிதாய்ச் செப்பனிட்ட பிரதியின் கணக்கும் வேறு. 2010இல் வண்ணம் ஏற்றி வெளியிட்ட தெலுங்கு ‘மாயாபஜா’ரை அப்பழைய கணக்கில் சேர்த்துவிடக் கூடாது. பிரதி எங்கிருந்து வருகிறதோ அங்கே எழுத்து மூலம் கேட்டுப் பெறுவதே மரியாதை. பாலு மகேந்திராவின் ‘வீடு’ 1988இல் வந்தது. உரியவர் சம்மதமின்றி அதைத் தொடவே கூடாது. வாடகை வீட்டிலிருந்து சொந்த வீட்டுக்குப் போக ஒரு குடும்பம் படும் பாட்டைச் சொல்லும் படம் அது. மனைக்கும் கடனுக்கும் அலைந்து இவ்வூரில் வீடு கட்டிய நம் அன்பர்கள் அதனைக் கண்கலங்காமல் பார்ப்பது அரிது. சம்மதம் கிடைக்குமாயின் இரண்டாம் ஆண்டில் காட்டலாம்.

இரண்டாவது ஒலி. படம் சற்று மங்கினாலும் கண் பொறுத்துக்கொள்ளும். வசனம் கேளாவிட்டால் காது பொறுக்காது. வெறுஞ்சுவர் அரங்கில் ஒலி எதிரொலித்துக் குழம்பும். சுவரோரம் கனத்த துணித் திரைகளும், தரையில் ஜமக்காளமும் இருந்தால் பெரும்பாலும் சரியாகிவிடும். நூறு பேர் அமரும் இடத்திற்குப் பெரிய ஒலிபெருக்கி வேண்டாம். கலியாண வீட்டு ஒலிபெருக்கிக்காரரை அழைக்கவே வேண்டாம்.

மூன்றாவது, பேச்சு. படத்திற்கு முன் ஐந்து நிமிஷ முன்னுரை போதும். தலைமையுரை, வாழ்த்துரை, பொன்னாடை இவை மூன்றும் அந்த வாசற்படி ஏறலாகாது. பழைய படங்கள் ஏறக்குறைய 3 மணி நேரம் ஓடுவன. ஆகவே மாலை 4 மணிக்குத் தொடங்கினால்தான் இடைவேளையும், முடிவில் அரை மணி உரையாடலும் போகக் கடைசி பஸ்ஸைப் பிடிக்க முடியும். உரையாடலில் முதலில் பேச வேண்டியவர்கள் பன்னிரண்டு வயதுப் பிள்ளைகள். ஒரு பிள்ளை பாதி தெலுங்கில் பேசினால் பெரியவர்கள் குறுக்கே புகுந்து திருத்தக் கூடாது. திருத்தினால் அடுத்த முறை வாய் திறக்க மாட்டான். தேடிக்கொண்டிருக்கும் சொல்லை அவன் பாட்டியார் பக்கத்திலிருந்து மெல்ல எடுத்துக் கொடுப்பது போதும்.

பக்திப் படங்களே காட்ட வேண்டுமென்று மூத்தோர் சிலரும், புதுப்படம் இல்லையென்றால் வரமாட்டோமென்று இளைஞர் சிலரும் சொல்லி வருவதாகக் கேள்விப்படுகிறோம். ‘தியாகய்யா’ முன்னவர்க்கு. பின்னவர்க்கு நம்மிடமிருந்து உறுதி எதுவும் இல்லை. புதுப்படத்திற்குத்தான் ஊரெல்லாம் கொட்டகை இருக்கிறதே. கட்டணம் வைப்பதும் வேண்டாம். அரங்கின் வாடகையை அங்கத்தினர் பங்கிட்டுக்கொண்டால் வீட்டுக்கு ஒரு வேளைக் காப்பிச் செலவுதான் வரும்.

முதல் இரண்டு காட்சிகளுக்கு ‘மிஸ்ஸியம்மா’வும் ‘மிஸ்ஸம்மா’வும் என்று வைத்துக்கொள்ளலாம். எது முதலில் என்பதைப் பிள்ளைகளே முடிவு செய்யட்டும். தத்தம் வீட்டுப் பிள்ளைகளிடம் கேட்டு, ஒரு வரியில், கூடுமானால் அவர்கள் கைப்படத் தமிழில் எழுதி, காரியதரிசிக்கு அனுப்பி வைக்க வேண்டுகிறோம்.