பட்டியலும் வாக்குறுதியே!

 

குஜிலியம்பாறை பெரிய வணிக நகரமன்று. முருங்கைத் தோட்டங்களும் மானாவாரிக் காடுகளும் சூழ்ந்த, திண்டுக்கல் மாவட்டத்தின் வடபகுதி ஊர். இங்கே கடைவீதியில் சிறு துணிக்கடை நடத்தும் தம்பி ஒருவர், இளம் வயதில் என்னிடம் குர்ஆன் ஓதியவர். அவருடைய அத்தா காலத்தில் அந்தக் கடையின் வாடிக்கையாளர்கள் சுற்று வட்டாரக் கிராமத்தார் மட்டுமே. இன்று அதே கடையின் புர்காக்களும் தொழுகை விரிப்புகளும் இணையத்தின் வழியாகக் கேரளம் வரை செல்கின்றன. அவற்றில் பலவற்றை நம் சகோதரிகள் சிலர் வீட்டிலிருந்தபடியே தைத்துக் கொடுக்கின்றனர்.

2025 செப்டம்பர் மாத இறுதியில் ஒரு நாள் மஃரிபு தொழுகை முடித்து வெளியே வந்தேன். பள்ளிவாசல் படியில் அந்தத் தம்பி வாடிய முகத்துடன் நின்றிருந்தார்.

"ஹஜ்ரத், ஒரே இரவில் கடையின் எல்லா விலையும் மாறிவிட்டது. ஆயிரத்து ஐந்நூறு ரூபாய்ப் புர்காவைத் தொண்ணூற்றைந்து ரூபாய்க்கு விற்றிருக்கிறேன்" என்றார்.

நடந்தது என்ன? அதை விளக்குவதற்கு முன், இணையக் கடையில் பொருள்களை எவ்வாறு அடுக்குகிறார்கள் என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். நம் வீட்டுப் பிள்ளைகள் பலர் இத்தொழிலில் இறங்கியிருப்பதால், பெற்றோரும் இதனை அறிந்திருப்பது நல்லது.

பட்டியல் ஏற்றுதல்

இணையக் கடையில் பொருளைக் கையில் எடுத்துக் காட்ட இயலாது. ஆகவே ஒவ்வொரு பொருளுக்கும் பெயர், அடையாளக் குறி, அளவு, நிறம், விலை, வரி, இருப்பு, எடை, படம் என்று பல விவரங்களை எழுதியாக வேண்டும். ஒரே மாதிரிப் புர்கா மூன்று நிறங்களிலும் ஐந்து அளவுகளிலும் இருந்தால், அதற்கு மட்டும் பதினைந்து வரிகள் வேண்டும். நாற்பது மாதிரிகள் இருந்தால் அறுநூறு வரிகள்! ஒவ்வொன்றாகத் தட்டச்சு செய்தால் நாள்கள் பல கழியும்.

இதற்கு ஒரு சுருக்கு வழி உண்டு. எக்செல் போன்ற மென்பொருளில் அட்டவணை அமைத்து எல்லா விவரங்களையும் நிரப்பி, அதைச் சி.எஸ்.வி. எனப்படும் எளிய கோப்பாகச் சேமித்து, ஒரே மூச்சில் கடைக்குள் ஏற்றிவிடலாம். ஷாப்பிஃபை, வூகாமர்ஸ் போன்ற கடை மென்பொருள்கள் எல்லாவற்றிலும் இவ்வசதி உண்டு. அறுநூறு பொருள்களும் சில நிமிடங்களில் கடையில் அமர்ந்துவிடும். திருத்தம் செய்வதற்கும் இதே வழிதான். பட்டியலைக் கீழே இறக்கி, மாற்றி, மீண்டும் மேலே ஏற்ற வேண்டும்.

ஆனால் நன்மையை அறுநூறு மடங்காகப் பெருக்கும் கருவி, பிழையையும் அறுநூறு மடங்காகப் பெருக்கும் என்பதை நாம் மறந்துவிடுகிறோம்.

நல்ல எண்ணத்தில் விளைந்த பிழை

2025 செப்டம்பர் 22 முதல் ஜி.எஸ்.டி. வரி விகிதங்கள் மாறியது வாசகர்களுக்கு நினைவிருக்கும். ஆயத்த ஆடைகளுக்கு அதுவரை ஆயிரம் ரூபாய் வரை 5 விழுக்காடும், அதற்கு மேல் 12 விழுக்காடும் வரி இருந்தது. புதிய முறையில் 2,500 ரூபாய் வரை 5 விழுக்காடு, அதற்கு மேல் 18 விழுக்காடு என்றாயிற்று. எனவே வரி சேர்த்து 1,650 ரூபாய்க்கு விற்ற புர்காவை 1,547 ரூபாய்க்குத் தர முடியும்.

குறைந்த வரியின் பயன் வாங்குவோரைச் சேர வேண்டும் என்றே நம் தம்பி விரும்பினார். அல்ஹம்துலில்லாஹ், நல்ல எண்ணம். பட்டியலை இறக்கினார். ஆயிரத்திற்கும் இரண்டாயிரத்து ஐந்நூறுக்கும் இடைப்பட்ட பொருள்களை ஓரிடத்தில் சேர்ப்பதற்காக, விலைகளைச் சிறியதிலிருந்து பெரியதாக வரிசைப்படுத்தினார். அப்போது மென்பொருள் ஒரு கேள்வி கேட்டது: அருகிலுள்ள பத்திகளையும் சேர்த்து வரிசைப்படுத்தவா, அல்லது இந்த ஒரு பத்தியை மட்டுமா? இரவு வெகுநேரம் ஆகிவிட்ட களைப்பில், அவர் கேள்வியைப் படிக்காமல் 'இதை மட்டும்' என்பதை அழுத்திவிட்டார்.

பெயர்கள் இருந்த இடத்திலேயே இருந்தன. விலைகள் மட்டும் இடம் பெயர்ந்தன. பட்டியலின் தலைப்பகுதியில் இருந்தவை புர்காக்கள். அவற்றுக்கு நேரே தொப்பிக்கும் தலைத்துணிக்கும் உரிய சிறு தொகைகள் வந்து அமர்ந்தன. கீழே இருந்த விரிப்புகளுக்கும் சிறுவர் ஆடைகளுக்கும் பெரிய தொகைகள் சேர்ந்தன. அப்படியே ஏற்றிவிட்டு உறங்கச் சென்றார். பஜ்ருக்கு எழுந்தபோது பதினொரு பேர் பணம் செலுத்திப் பொருள் கேட்டிருந்தனர்.

இத்தகைய பிழை சிற்றூர்க் கடைக்கு மட்டும் உரியதன்று. 2014 டிசம்பர் 12 மாலை, அமேசானின் பிரிட்டன் தளத்தில், பல சிறு வணிகர்களின் பொருள்கள் சுமார் ஒரு மணி நேரம் ஒரே ஒரு பென்னிக்கு விற்பனையாயின. விலையைத் தானாக மாற்றும் மென்பொருள் ஒன்றின் கோளாறே காரணம். பல விற்பனைகள் நிறுத்தப்பட்டாலும், அதற்குள் அனுப்பப்பட்ட பொருள்களின் நட்டத்தைச் சிறு குடும்ப வணிகர்களே சுமந்தனர். 2020இல் கொரோனா காலத்தில் இங்கிலாந்தின் பொதுச் சுகாதாரத் துறை, பழைய வகை எக்செல் கோப்பில் நோயாளிகளின் விவரங்களை ஏற்றியது. அக்கோப்பு 65,536 வரிகளுக்கு மேல் கொள்ளாது. விளைவாக 15,841 பேருடைய விவரங்கள் உரிய நேரத்தில் கணக்கில் சேரவில்லை. அவர்களோடு பழகியவர்களைத் தேடி எச்சரிக்கும் பணியும் தாமதமாயிற்று. பெரிய துறைக்கே இந்நிலை என்றால், தனியாளாகக் கடை நடத்தும் நம் பிள்ளைகள் எவ்வளவு எச்சரிக்கையாக இருக்க வேண்டும்!

மற்ற நால்வர்

தம்பி தம் நட்டத்தை ஒரு தாளில் கணக்கிட்டு வைத்திருந்தார். ஏழு புர்காக்கள்; ஏறத்தாழ ஒன்பதாயிரத்து எண்ணூறு ரூபாய். "இந்த ஏழு விற்பனையையும் நான் நிறுத்தலாமா ஹஜ்ரத்?" என்பதே அவருடைய கேள்வி.

"பதினொரு பேர் என்றாயே. மற்ற நால்வர்?" என்று கேட்டேன்.

சற்று நேரம் பேசாமல் நின்றார். பிறகு, "அவர்கள் கூடுதல் விலைக்கு வாங்கியவர்கள்" என்றார். 320 ரூபாய்த் தொழுகை விரிப்பை ஒரு சகோதரி 790 ரூபாய் கொடுத்து வாங்கியிருந்தார். நால்வரிடமும் சேர்த்துக் கூடுதலாக வந்த தொகை 1,720 ரூபாய். ஏழு பொட்டலங்களை நிறுத்தி வைத்த தம்பி, இந்த நான்கையும் காலையிலேயே அஞ்சலில் அனுப்பிவிட்டிருந்தார்.

"விலையைப் பார்த்துத்தானே வாங்கினார்கள்? யாரும் கேட்கவும் இல்லை" என்றார். ஆனால் என் முகத்தைப் பார்த்து அவரால் அதைச் சொல்ல முடியவில்லை.

வாசகர்களே! நமக்கு வரும் நட்டம் உடனே நம் கண்ணில் படுகிறது. நம்மால் பிறருக்கு நேரும் நட்டம், அவர் வந்து கேட்கும்வரை நம் கணக்கிலேயே ஏறுவதில்லை. அளவையில் மோசம் செய்வோரைக் கண்டிப்பதற்கென்றே குர்ஆனில் ஒரு தனி அத்தியாயம் இருப்பதை நாம் அறிவோம். தமக்கு வாங்கும்போது ஓர் அளவு, பிறருக்குக் கொடுக்கும்போது வேறோர் அளவு என்பதே அங்குக் கண்டிக்கப்படும் குணம்.

இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் தம் இஹ்யா நூலில் பஸ்ரா நகரத்துத் துணி வணிகர் யூனுஸ் இப்னு உபைத் (ரஹ்) அவர்களைப் பற்றி ஒரு நிகழ்ச்சியைக் கூறுகிறார்கள். அவருடைய கடையில் 200 திர்ஹம் ஆடைகளும் இருந்தன, 400 திர்ஹம் ஆடைகளும் இருந்தன. அவர் தொழச் சென்றிருந்த நேரத்தில், கடையில் இருந்த அவருடைய சகோதரர் மகன், 200 திர்ஹம் ஆடையை ஒரு கிராமத்து அரபிக்கு 400 திர்ஹத்துக்கு விற்றுவிட்டார். வழியில் அந்த ஆடையைக் கண்டுகொண்ட யூனுஸ் (ரஹ்), வாங்கியவரைக் கடைக்குத் திரும்ப அழைத்தார். தம் ஊரில் இதன் மதிப்பு இன்னும் அதிகம் என்றும், தமக்கு மனநிறைவே என்றும் அவர் சொன்னார். ஆயினும் 200 திர்ஹத்தைத் திருப்பிக் கொடுத்தபின்னரே யூனுஸ் (ரஹ்) அவரை அனுப்பினார். பின்னர்ச் சகோதரர் மகனையும் கண்டித்தார்.

இந்நிகழ்ச்சியைத் தம்பியிடம் சொன்னேன். "முதலில் நால்வரின் பணத்தைத் திருப்பு. அதற்குப் பின் ஏழு பேரிடம் உன் பிழையைச் சொல்லி, விட்டுத்தருமாறு வேண்டு. முன்னதைச் செய்யாமல் பின்னதைக் கேட்க உனக்கு வாய் வருமா?" என்றேன்.

அவர் அன்றிரவே நால்வருக்கும் கூடுதல் தொகையைத் திருப்பி அனுப்பினார். மறுநாள் ஏழு பேரையும் தொலைபேசியில் அழைத்து உள்ளதை உள்ளபடி சொன்னார். ஐவர் பெருந்தன்மையுடன் விட்டுக்கொடுத்து, தம் பணத்தைத் திரும்பப் பெற்றுக்கொண்டனர். இருவர், "அறிவித்த விலைக்கே வேண்டும்" என்றனர். அவ்விருவருக்கும் அந்த விலைக்கே புர்காக்களை அனுப்பிவிட்டார். நட்டம் ஏறத்தாழ 2,800 ரூபாய். பணம் திரும்பப் பெற்ற நால்வரில் ஒரு சகோதரி இன்றுவரை தொலைபேசியை எடுக்கவில்லை. பணம் வந்து சேர்ந்ததை அவர் கவனித்தாரோ இல்லையோ! எனினும் அந்த 470 ரூபாய் அவருடைய கணக்கிற்குச் சென்றுவிட்டது.

பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள்

இணையக் கடை நடத்தும் பிள்ளைகள் உங்கள் வீட்டில் இருந்தால், பின்வருவனவற்றை அவர்களுக்கு எடுத்துச் சொல்லுங்கள். அந்தத் தம்பியிடம் கேட்டறிந்தே எழுதுகிறேன்.

1. மாற்றம் செய்யும் முன், இருக்கும் பட்டியலின் நகல் ஒன்றைத் தேதியிட்டுத் தனியே வைக்க வேண்டும். நம் தம்பியின் கடை காலையிலேயே பழைய நிலைக்குத் திரும்பியது அவ்வாறு வைத்திருந்த நகலால்தான்.

2. ஒவ்வொரு பொருளுக்கும் தனி அடையாளக் குறி வேண்டும். ஒருமுறை இட்ட குறியை மாற்றலாகாது. பல கடை மென்பொருள்கள் அதைக் கொண்டுதான் பழைய பொருளை அடையாளம் காண்கின்றன. குறி மாறினால் ஒரே பொருள் இரண்டு முறை தோன்றிவிடும்.

3. வரிசைப்படுத்தினால் முழு அட்டவணையையும் சேர்த்தே வரிசைப்படுத்த வேண்டும். ஒரு பத்தியை மட்டும் தொடவே கூடாது.

4. விலையை 1,650 என்று காற்புள்ளியிட்டு எழுதாமல் 1650 என்று எழுத வேண்டும். சி.எஸ்.வி. கோப்பில் காற்புள்ளியே கட்டங்களைப் பிரிக்கும் வேலி. ஆகையால் ஒரு விலை ஒன்று, அறுநூற்றைம்பது என இரண்டாக உடையக்கூடும்.

5. பதின்மூன்று இலக்கப் பார்கோடு எண்ணையும், உணவுப் பொருளுக்குரிய பதினான்கு இலக்க எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. எண்ணையும் எழுத்து வடிவக் கட்டமாக மாற்றியபின் எழுத வேண்டும். இல்லையேல் எக்செல் அவற்றைச் சுருக்கிக் காட்டும். அப்படியே சேமித்தால் கடைசி இலக்கங்கள் அழிந்துபோகும்.

6. தமிழில் விவரம் எழுதினால் கோப்பை யு.டி.எஃப்-8 முறையில் சேமிக்க வேண்டும். தவறினால் தமிழ் எழுத்துகள் கேள்விக்குறிகளாக மாறிவிடும்.

7. முதலில் ஐந்து வரிகளை மட்டும் ஏற்றி, வாங்குபவரைப் போலத் தொலைபேசியில் பார்க்க வேண்டும். பிறகு முழுவதையும் ஏற்றி, மிகக் குறைந்த விலையுள்ள பத்தையும் மிக உயர்ந்த விலையுள்ள பத்தையும் மற்றொருவர் படித்துச் சரிபார்க்க வேண்டும். களைத்த இரவில் இவ்வேலை ஆகாது.

காணாமல் வாங்குவோரின் உரிமை

எண்கள் சரியாக இருந்தால் மட்டும் போதாது. சொற்களும் உண்மையாக இருக்க வேண்டும். எங்கள் மதரஸாவில் ஓதிக்கொடுக்கும் குதூரி எனும் ஹனஃபி சட்ட நூலில், கியாருர் ருஃயத் என்றொரு பாடம் உண்டு. பொருளைக் காணாமல் வாங்கியவர், கண்டபின் அதை ஏற்கவோ மறுக்கவோ உரிமை பெற்றவர் என்பது அதன் சாரம். பல நூற்றாண்டுகளுக்கு முன் எழுதப்பட்ட இச்சட்டம் இன்றைய இணையக் கடைக்கு எவ்வளவு பொருந்துகிறது!

நாட்டின் சட்டமும் இதையொட்டியே பேசுகிறது. உறையிட்ட பொருள்களை இணையத்தில் விற்போர், பொருளின் பெயர், நிகர அளவு, அதிகபட்ச விலை, தயாரிப்பாளர் முதலிய விவரங்களைத் திரையிலேயே காட்ட வேண்டும் என்ற விதி 2018 ஜனவரி முதல் நடப்பில் உள்ளது. அச்சிட்ட அதிகபட்ச விலைக்கு மேல் விற்பது குற்றம். பிழையால் நேர்ந்தது என்று சொல்லித் தப்ப நினைக்கலாகாது.

நம் மாவட்டத்திலிருந்தே ஓர் எடுத்துக்காட்டு. திண்டுக்கல் பூட்டு 2019இல் புவிசார் குறியீடு பெற்றது. வேறு ஊரில் செய்த பூட்டுகளுக்கு நேரே, பட்டியலின் ஒரு கட்டத்தில் 'திண்டுக்கல் பூட்டு' என்று எழுதிக் கீழே இழுத்தால், ஒரு நொடியில் நூறு வரிகளில் அச்சொல் பதிந்துவிடும். அது நூறு பொய்களாகும். கலப்பு நூல் துணியைப் 'பருத்தி' என எழுதுவதும் அவ்வாறே.

அத்தாமார்கள் கடையில் அமர்ந்து வாயால் சொன்ன விலையும் தரமும் வாக்குறுதியாக இருந்தன. பிள்ளைகள் கணினியில் ஏற்றும் பட்டியலும் வாக்குறுதியே. கேட்பவர் எதிரே இல்லை என்பதால் அதன் கனம் குறைந்துவிடாது. ஒவ்வொரு வரியின் மறுமுனையிலும், நம்மைக் காணாமல் நம்பிப் பணம் அனுப்பும் ஒருவர் இருக்கிறார்.

அந்தத் தம்பி இப்போதும் மாதந்தோறும் பட்டியல் ஏற்றுகிறார். அவருடைய உம்மா மூக்குக்கண்ணாடி அணிந்து அருகில் அமர்ந்து, விலைகளை ஒவ்வொன்றாக வாய்விட்டுப் படிக்கிறார். அவர் தலையசைத்த பின்னரே பட்டியல் கடைக்குள் செல்கிறது.