நொய்யலில் நாம் தேக்கியது

ஒரு கட்டுமானமாக ஒரத்துப்பாளையம் அணையில் குறை சொல்ல ஒன்றுமில்லை. இடியவில்லை, விரிசல் விட்டு ஊரை அடித்துக்கொண்டு போகவுமில்லை. சென்னிமலைக்குப் பக்கத்தில் நொய்யலின் குறுக்கே அதைக் கட்டி முடித்தது 1992-ல். பெரும்பாலும் கரூர்ப் பக்கத்து நிலங்களுக்காக, ஏறத்தாழ 10,000 ஏக்கர் பாசனம் என்பது திட்டக் கணக்கு. பதினைந்து ஆண்டுகூட ஆகவில்லை, நீரைத் தேக்காமல் ஷட்டர்களைத் திறந்தே போட்டு வைக்கும் நிலைக்கு அது வந்துவிட்டது. தேங்கினால் ஆபத்து என்று ஆகிப்போன ஒரு நீர்த்தேக்கத்தை உண்டாக்கியவர்கள் நாம்.

நாம் என்றால் பொதுப்பணித்துறையும் சாயப்பட்டறை முதலாளிகளும் மட்டுமில்லை. அணை வேண்டுமென்று மனு கொடுத்தவர்கள், அடிக்கல் நாட்டு விழாவுக்குக் கூட்டம் சேர்த்தவர்கள், அதைப் படத்தோடு செய்தியாகப் போட்டவர்கள், திருப்பூரை டாலர் சிட்டி என்று மார்தட்டிக்கொண்டவர்கள், மலிவு விலையில் பனியன் வாங்கிப் போட்டுக்கொண்டவர்கள் எல்லோரும் இதில் சேர்த்தி.

வெள்ளியங்கிரி மலையில் பிறக்கும் நொய்யல் கோவையையும் திருப்பூரையும் தாண்டிக் காவிரிக்குப் போகிறது. கீழ்ப்பகுதியில் மழை பெய்தால்தான் ஆறு. மற்ற மாதங்களில் மணல். அணைக்கு மேலே சுமார் 30 கி.மீ. தொலைவில் திருப்பூரின் சலவை, சாயப்பட்டறைகள் பெருகிக்கொண்டிருந்த அதே காலத்தில்தான் இங்கே அணை வேலை நடந்தது. வெள்ளம் வராத நாளில் ஆற்றில் வந்ததெல்லாம் பட்டறைக் கழிவும் ஊர்ச் சாக்கடையும். ஓடிப்போயிருக்க வேண்டியதைச் சுவர் எழுப்பி நிறுத்திவைத்தோம்.

பருத்தித் துணியில் சாயம் பிடிக்க உப்பு வேண்டும். சாயத்தைத் துணி வாங்கிக்கொள்ளும், உப்போ அலசுகிற தண்ணீரோடு வெளியே வந்துவிடும். சுண்ணாம்பும் ஃபெர்ரஸ் சல்ஃபேட்டும் போட்டுத் தெளிய வைத்தால் நிறம் போகும், உப்பு போகாது. 1990-களின் பிற்பாதியில் வந்த பொது சுத்திகரிப்பு நிலையங்களால் முடிந்தது அவ்வளவுதான். வாய்க்காலில் சிவப்பும் நீலமும் குறைந்ததைப் பார்த்து நாமும் பரவாயில்லை என்றோம். உப்பு அணைக்குப் போனது. அணையிலிருந்து நிலத்தடிக்கு இறங்கி, சுற்றுவட்டாரக் கிணறுகளுக்கு ஏறியது. மாடு வாய் வைக்காத தண்ணீரை எந்தப் பயிருக்குப் பாய்ச்சுவது? நொய்யல் ஆயக்கட்டுதாரர்கள் பாதுகாப்புச் சங்கம் நீதிமன்றப் படியேறியது. ஆயக்கட்டுக்காரர் வழக்கமாகக் கேட்பது கூடுதல் தண்ணீர். இவர்களோ கழிவைத் தடுக்கச் சொல்லிக் கேட்டார்கள்.

இதைத் தடுத்திருக்க வேண்டிய சட்டங்கள் அன்றைக்கே இருந்தன. நீர் மாசுத் தடுப்புச் சட்டம் 1974-ல் வந்தது. ஆற்றங்கரையிலிருந்து ஒரு கி.மீ.க்குள் அதிக மாசுண்டாக்கும் புதிய ஆலைகள் கூடாது என்ற அரசாணை 1989-ல் வந்தது. அணை ஒரு துறை, கழிவு இன்னொரு வாரியம். தண்ணீரைத் தேக்கியவர்களுக்கு அதன் தரம் கவலையில்லை; தரத்தைப் பார்க்க வேண்டியவர்களுக்கு அது எங்கே போய்த் தேங்கும் என்பது கவலையில்லை. நம் அக்கறையும் அப்படித்தான் இருந்தது. இன்றைக்கும் அணை என்றால் எத்தனை அடி, எத்தனை டி.எம்.சி. என்றுதான் கேட்கிறோம். எப்படிப்பட்ட தண்ணீர் என்று கேட்டுப் பழகவே இல்லை.

கடைசியில் நிர்வாகம் செய்ய வேண்டியதை நீதிமன்றம் செய்தது. பட்டறைகள் ஒரு சொட்டுக் கழிவுகூட ஆற்றில் விடக்கூடாது என்று 2006 டிசம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் கெடு வைத்தது. 2009-ல் உச்ச நீதிமன்றமும் அதை உறுதிசெய்தது. அப்படியும் நடக்காததால் 2011 ஜனவரியில் பட்டறைகளை மூடச் சொல்லி உத்தரவு வந்தது. 700-க்கும் மேற்பட்டவை நின்றுபோயின. வேலை இழந்த தொழிலாளி ஒரு பக்கம், நிலம் இழந்த விவசாயி ஒரு பக்கம். இந்த இருவரையும் எதிரெதிரே நிறுத்தியது நம்முடைய அசட்டை.

இதிலிருந்தாவது பாடம் படித்தோமா? நதித் திட்டங்களுக்குச் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீடு கட்டாயமானது 1994-ல். 2006-ல் அந்த அறிவிக்கையைப் புதுப்பித்தார்கள். அந்த மதிப்பீட்டை எழுதும் ஆலோசக நிறுவனத்துக்குச் சம்பளம் கொடுப்பவர் திட்டத்தைக் கொண்டுவருகிறவரே. அனுமதி கிடைத்த பின் ஆறு மாதத்துக்கு ஒருமுறை நிபந்தனைகளை நிறைவேற்றினோம் என்று அறிக்கை தருபவரும் அவரே. கருத்துக்கேட்புக் கூட்டத்துக்கு ஷாமியானா போட்டு, அதிகாரிகளை மேடையில் உட்கார வைத்துவிட்டால் கடமை முடிந்தது. தமிழில் கிடைப்பது சில பக்கச் சுருக்கம். முழு அறிக்கையைத் தமிழில் தர வேண்டிய கட்டாயம் இல்லை. நாமும் அங்கே போய் வேலை கிடைக்குமா, இழப்பீடு எவ்வளவு என்று கேட்டுவிட்டு டீ குடித்துத் திரும்புகிறோம். 2021-ல் வந்த அணைப் பாதுகாப்புச் சட்டத்தின் கவலை அணை உடையாமல் இருப்பது. அது அவசியம்தான். ஆனால் ஒரத்துப்பாளையம் உடையாமலேயே ஊரைக் கெடுத்த அணை.

செய்ய வேண்டியவை புரியாதவை அல்ல. ஓர் அணையையோ தடுப்பணையையோ தனியாக எடுத்து மதிப்பிடக் கூடாது. ஊற்றிலிருந்து கூடுதுறை வரை ஆற்றில் என்ன விழுகிறது, என்ன எடுக்கப்படுகிறது என்ற கணக்கு முதலில் வேண்டும். மதிப்பீட்டாளரை ஒரு தனி அமைப்பு நியமிக்கட்டும். கட்டணம் அதன் வழியாகப் போகட்டும். கட்டுகிற துறையே தன் வேலையைத் தானே சரிபார்த்துக்கொள்ளும் ஏற்பாடு ஒழிய வேண்டும். 2021-ல் நீர்வளத்துறை தனித் துறையானது. மேற்பார்வையும் தனியாகும்போதுதான் அந்தப் பிரிவினைக்குப் பயன் உண்டு. திட்டம் முடிந்து ஐந்தாண்டில், சொன்ன ஏக்கரில் எத்தனை நனைந்தது, கிணற்று நீரில் உப்பு எவ்வளவு கூடியது என்ற தணிக்கை சட்டமன்றத்தில் வைக்கப்பட வேண்டும். அணையின் நீர்மட்டத்தைத் தினம் அறிவிக்கிற அரசுக்கு அதில் கரைந்திருக்கும் உப்புகளின் அளவையும் (டி.டி.எஸ்.) சேர்த்து அறிவிப்பது பெரிய செலவில்லை.

நாம் வற்புறுத்தாமல் இதில் எதுவும் வராது. மார்ச் 22, உலகத் தண்ணீர் தினத்தன்றும் தமிழ்நாட்டில் கிராம சபை கூடுகிறது. தடுப்பணை கேட்டுத் தீர்மானம் போடுகிற ஊர்கள் அதே தாளில் இன்னும் இரண்டு வரி சேர்த்து எழுதட்டும்: மேலே இருந்து இங்கே வரும் தண்ணீரின் பரிசோதனை முடிவு தமிழில் வேண்டும், அது கைக்கு வரும்வரை அடிக்கல் வேண்டாம்.