என்ஜினீயர் சார், பைலைக் காட்டுங்கள்!

2014-ம் ஆண்டு ஜூன் 28-ந் தேதி. சனிக்கிழமை. மாலை நேரம். மழை.

சென்னை போரூரை அடுத்த மவுலிவாக்கத்தில், கட்டிக் கொண்டிருந்த 11 மாடிக் கட்டிடம் சரிந்து விழுந்தது. 61 பேர் செத்தார்கள். பெரும்பாலோர் அங்கே வேலை பார்த்த கட்டிடத் தொழிலாளர்கள். கட்டிய கம்பெனிக்காரர்களும் என்ஜினீயர்களும் கைதானார்கள். பக்கத்தில் நின்ற இன்னொரு 11 மாடிக் கட்டிடத்தை, 2016 நவம்பர் 2-ந் தேதி வெடி வைத்துத் தகர்த்தார்கள்.

அந்தக் கட்டிடத்துக்கு பிளான் இருந்தது. அனுமதி இருந்தது. படித்த என்ஜினீயர்கள் இருந்தார்கள். எல்லாம் இருந்தும் கட்டிடம் நிற்கவில்லை.

அப்படியானால், "இவர் என்ஜினீயர்" என்று சொல்லும் ஒரே ஒரு காகிதத்தை நம்பி வீடு கட்டலாமா?

கூடாது. படித்த காகிதம் வேறு. வேலை செய்த காகிதம் வேறு. இரண்டாவது காகிதத்தையும் கேட்டு வாங்கிப் பார்க்கும் பழக்கம் இந்த ஊருக்கு வந்தாக வேண்டும்.

சுவரில் தொங்கும் பட்டம்

பட்டம் என்ன சொல்கிறது? இந்தப் பையன் நாலு வருஷம் படித்தான், பரீட்சை எழுதினான், பாஸ் செய்தான் என்று சொல்கிறது. அவ்வளவுதான்.

கடைக்கால் தோண்டும்போது ஊற்று வந்தால் என்ன செய்வான்? பிளானில் 16 மில்லி கம்பி என்று இருக்கிறது. சைட்டில் 12 மில்லி கம்பி வந்து இறங்கி இருக்கிறது. "வேலையை நிறுத்து" என்று சொல்லுவானா, அல்லது "சரி, போடு" என்பானா? இதை எல்லாம் பட்டம் சொல்லாது.

டிரைவர் வேலைக்கு ஆள் எடுக்கிறவர் லைசென்சை மட்டும் பார்ப்பது இல்லை. "எங்கே, வண்டியை எடு பார்க்கலாம்" என்று பக்கத்தில் ஏறி உட்காருகிறார். பரோட்டா மாஸ்டரைக் கூட ஒரு வேளை கல்லில் நிற்க வைத்துப் பார்த்து விட்டுத்தான் சம்பளம் பேசுகிறார்கள். ஆயுள் முழுதும் சேர்த்த பணத்தையும், பாங்கில் வாங்கிய கடனையும் கொட்டிக் கட்டுகிற வீட்டுக்கு மட்டும் "பி.இ." என்ற இரண்டு எழுத்து போதுமாம்!

கிறைஸ்ட்சர்ச் நகரில் நடந்தது

இது நம் ஊர் வியாதி மட்டும் அல்ல. நியூசிலாந்து நாட்டில் கிறைஸ்ட்சர்ச் என்று ஒரு நகரம். 2011-ம் ஆண்டு பிப்ரவரி 22-ந் தேதி அங்கே பூகம்பம் வந்தது. 185 பேர் செத்தார்கள். அதில் 115 பேர் செத்தது ஒரே ஒரு கட்டிடத்தில். "சி.டி.வி." கட்டிடம் என்று பெயர். 6 மாடி. 1980-களில் கட்டியது.

விசாரணை கமிஷன் உட்கார்ந்தது. அதில் வெளிவந்த செய்தி இது:

கட்டிடத்தை வடிவமைத்த என்ஜினீயரிடம் பட்டம் இருந்தது. ஆனால், அப்படிப்பட்ட பல மாடிக் கட்டிடத்தை வடிவமைக்கும் அனுபவம் இல்லை. தகுதிக்கு மீறிய வேலையை எடுத்துக் கொண்டார் என்று கமிஷன் சொன்னது.

கட்டுமான வேலையை மேற்பார்த்தவர் கதை அதைவிட மோசம். அவரிடம் என்ஜினீயரிங் பட்டமே கிடையாது. இன்னொரு என்ஜினீயரின் பெயரையும் பட்டத்தையும் தனதாக்கிக் கொண்டு பல வருஷம் தொழில் செய்திருக்கிறார்! 2012-ல்தான் குட்டு வெளிப்பட்டது. கட்டிடம் கட்டி கால் நூற்றாண்டு கழித்து!

ஒருவரிடம் பட்டம் இருந்தது, அனுபவம் இல்லை. இன்னொருவரிடம் பட்டமே இல்லை. "நீங்கள் இதுவரை செய்த வேலை என்ன? எடுத்து வையுங்கள்" என்று இருவரையும் உட்கார வைத்துக் கேட்டிருந்தால்?

அந்த நாட்டில் 2002-ல் இதற்கென ஒரு சட்டம் வந்தது. பதிவு பெற்ற என்ஜினீயர் ஆக வேண்டுமா? செய்த வேலைகளின் சாட்சியங்களைக் கட்டாகக் கட்டிக் கொண்டு வர வேண்டும். அனுபவம் உள்ள என்ஜினீயர்கள் அதைப் புரட்டிப் பார்த்து நேரில் கேள்வி கேட்பார்கள். ஒரு தடவை பாஸ் செய்தால் ஆயுள் முழுதும் செல்லும் என்பதும் இல்லை. சில வருஷத்துக்கு ஒரு முறை மறுபடி காட்ட வேண்டும்.

"நாங்கள்" வேண்டாம், "நான்" வேண்டும்!

ஆஸ்திரேலியாவில் குடியேற விண்ணப்பிக்கும் நம் ஊர் என்ஜினீயர்கள் பலருக்கு இந்த விஷயம் தெரியும். அங்கே பலரிடம் ஓர் அறிக்கை கேட்கிறார்கள். தான் பார்த்த மூன்று வேலைகளைப் பற்றி விவரமாக எழுத வேண்டும்.

அதில் ஒரு நிபந்தனை. "நாங்கள் பாலம் கட்டினோம்" என்று எழுதினால் எடுபடாது. பாலத்தை ஆயிரம் பேர் சேர்ந்து கட்டி இருப்பார்கள். அதில் நீ செய்தது என்ன? "நான் இந்தக் கணக்கைப் போட்டேன். நான் இந்தத் தவறைக் கண்டுபிடித்தேன். நான் இப்படித் திருத்தினேன்" என்று எழுத வேண்டும்.

இதிலும் தில்லுமுல்லு நுழைந்து விட்டது. பணம் வாங்கிக் கொண்டு ரெடிமேடாக எழுதித் தருகிறவர்கள் கிளம்பி விட்டார்கள். காப்பி என்று பிடிபட்டால் விண்ணப்பம் தள்ளுபடி. மறுபடி விண்ணப்பிக்கவும் தடை. அடுத்தவன் வேலையைத் தன் வேலை என்று எழுதிக் கொடுத்தவருக்கு, போன பணமும் போச்சு, பேரும் போச்சு!

பைலில் என்ன இருக்க வேண்டும்?

பெரிய ரகசியம் ஒன்றும் இல்லை. எந்த சைட், எந்தத் தேதி, தன் பங்கு என்ன என்று ஒரு பக்கம். மண் பரிசோதனை அறிக்கை. திருத்துவதற்கு முன்பு ஒரு வரைபடம், திருத்திய பிறகு ஒரு வரைபடம். கான்கிரீட் போடுவதற்கு முன்பு கம்பி கட்டி இருந்ததைக் காட்டும் போட்டோ. இன்றைக்கு சித்தாள் கையில் கூட செல்போன் இருக்கிறது. போட்டோ எடுக்க என்ன கஷ்டம்?

அடுத்தது கான்கிரீட் கட்டி பரிசோதனை. 15 சென்டி மீட்டர் சதுரக் கட்டியாக வார்த்து, தண்ணீரில் போட்டு வைத்து, 28-ம் நாள் மெஷினில் வைத்து நசுக்கிப் பார்க்கிறார்கள். எவ்வளவு பாரம் தாங்கியது என்று அறிக்கை வருகிறது. அந்த அறிக்கைகள் பைலில் இருக்க வேண்டும்.

கட்டி தேறி இருந்தால் சரி. தேறாமல் போயிருந்தால்? அங்கேதான் என்ஜினீயரின் யோக்கியதை தெரியும்.

கொத்தனார் வேலை சுலபமாக வேண்டும் என்று கலவையில் ரெண்டு வாளி தண்ணீர் சேர்த்து ஊற்றுகிறார். கலவை வழுவழு என்று ஓடுகிறது. பலம் போகிறது. அதைப் பார்த்த என்ஜினீயர் என்ன செய்தார்? நிறுத்தினாரா? முதலாளி "கண்டுக்காதே" என்று சொன்னபோது எழுத்தில் கொடுத்தாரா? போட்ட தூணை இடித்து மறுபடி போட வைத்தாரா? இந்த ஒரு பக்கம், தங்கப் பதக்கத்தைவிட ஒசத்தி.

"எல்லாம் ஒழுங்காக நடந்தது" என்று மட்டுமே ஒரு பைல் சொன்னால், அதைத்தான் சந்தேகப்பட வேண்டும். தப்பே நடக்காத சைட் உலகத்தில் கிடையாது.

எம்.புக் சொல்லும் பாடம்

இது வெளிநாட்டு நாகரிகம் என்று ஒதுக்கவும் முடியாது. பொதுப்பணித் துறையில் "எம்.புக்" என்று ஒன்று உண்டு. செய்த வேலையை அளந்து எழுதும் புத்தகம். பக்கங்களுக்கு நம்பர் உண்டு. கிழிக்கக் கூடாது. மையால் எழுத வேண்டும். அழிக்கக் கூடாது. தப்பாக எழுதினால் அடித்து விட்டுப் பக்கத்தில் கையெழுத்துப் போட வேண்டும்.

காண்டிராக்டருக்குக் கொடுக்கும் பணத்துக்கு இத்தனை காவல்! மனிதர்களின் உயிரைத் தாங்கும் திறமைக்கு ஒரு புத்தகம் வேண்டாமா?

நஷ்டம் யாருக்கு?

பைல் இல்லாததால் முதலில் அடிபடுவது நேர்மையான சின்ன என்ஜினீயர்தான். பத்து வருஷம் வெயிலில் நின்று லெவல் பார்த்திருப்பார். கம்பெனியை விட்டு வெளியே வரும்போது அவர் கையில் இருப்பது ஒரு வரி. "இவர் இங்கே வேலை பார்த்தார்." அதே வரியை ஒரு நாள் கூட சைட்டில் நிற்காதவன் காசு கொடுத்து வாங்கிக் கொண்டு வந்து நிற்கிறான். இன்டர்வியூ எடுக்கிறவருக்கு இரண்டும் ஒன்றுதான்!

"வேலை பார்க்கவே நேரம் இல்லை, இதில் பைல் வேறயா?" என்று சிலர் கேட்பார்கள். சாயங்காலம் பத்து நிமிஷம் போதும். "கம்பெனி ரகசியம்" என்று முதலாளி சொன்னால், வீட்டுக்காரர் பெயரையும் பணக் கணக்கையும் விட்டு விடலாம். மற்றதை மேலதிகாரி படித்துப் பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும். பொய்க்குக் கையெழுத்துப் போட்டால் அவர் தலையும் உருளும் என்று வைத்தால், பொய் தானாகக் குறையும்.

யார் கேட்க வேண்டும்?

வக்கீல்களுக்கு 1961-ல் சட்டம் வந்தது. ஆர்க்கிடெக்டுகளுக்கு 1972-ல் சட்டம் வந்தது. நாடு முழுமைக்கும் என்ஜினீயர்களுக்கு அது போல ஒரு சட்டம் வேண்டும் என்ற பேச்சு பல காலமாக நடக்கிறது.

தமிழ்நாட்டில் 2019-ல் வந்த கட்டிட விதிகள், என்ஜினீயர்களைப் பதிவு செய்யச் சொல்கின்றன. இன்ன படிப்பு, இத்தனை வருஷ அனுபவம் என்று கணக்கு இருக்கிறது. நல்லது. ஆனால், வருஷத்தை எண்ணினால் மட்டும் போதாது. அந்த வருஷங்களில் என்ன செய்தார் என்பதை எண்ண வேண்டும். பதிவு செய்யும் அதிகாரி, "உங்கள் வேலைகளில் மூன்றை எடுத்து வையுங்கள்" என்று கேட்டு, அரை மணி நேரம் பேசினால் போதும். சைட்டையே பார்க்காமல் பிளானில் முத்திரை குத்துகிறவர்கள் அந்த அரை மணியில் விழி பிதுங்கி நிற்பார்கள்.

அதிகாரி கேட்கும் வரை ஜனங்கள் காத்திருக்க வேண்டியது இல்லை. வீடு கட்டப் போகும் குமாஸ்தாவும், மாடி எடுக்கப் போகும் கடைக்காரரும் வாய் திறந்து கேட்கலாம். "சார், இதற்கு முன்னால் நீங்கள் பார்த்த வேலைகளின் பைலைக் காட்டுங்கள். அதில் பிரச்சினை வந்த வேலை எது? என்ன செய்தீர்கள்? எங்கள் சைட்டுக்கு எத்தனை தடவை வருவீர்கள்?"

நல்ல என்ஜினீயர் கோபப்பட மாட்டார். சந்தோஷமாக எடுத்துக் காட்டுவார். கோபப்படுகிறவரிடம் ஒரு கும்பிடு போட்டு விட்டு எழுந்து வந்து விடலாம்.

பட்டம் அவர் அப்பா காசில் வாங்கியது. அனுபவத்தை உங்கள் வீட்டுத் தூணில் வாங்க விடாதீர்கள்!