ஏட்டிற் புனைந்த கொடுநாடும் எம்மூர்ப் பதிவேடும்



ஆள்வோர் மக்களை எண்ணாகவும் புழுவாகவும் ஆக்கிவிட்ட கொடுநாடுகளை மேலைநாட்டார் புதினங்களாக எழுதினர். அவற்றைப் படித்துவிட்டு, "இப்படியும் ஒரு காலம் வருமோ!" என்று நடுங்கும் படித்த பெருமக்களைக் காண்கின்றோம். அவர்களை ஒருநாள் தேனியிலிருந்து கம்பம் வரை நடத்திச் செல்ல வேண்டும். அது வருங்காலம் அன்று. நம்மூரில் வந்து குடியிருந்து போன காலம்.

உருசிய எழுத்தாளர் சாமியாத்தின் 'நாம்' என்னும் புதினத்தை 1920-21 இல் எழுதினார். அந்நாட்டில் மாந்தர்க்குப் பெயரில்லை, எண்தான். சுவரெல்லாம் கண்ணாடி. எழுவதும் உறங்குவதும் அரசு குறித்த நேரத்தில். அதே 1920 இல், ஏப்பிரல் 3 அன்று, ஆண்டிபட்டி மலைக்குக் கிழக்கே பெருங்காமநல்லூரில் நடந்தது என்ன? கைவரி பதிய மாட்டோம் என்று நின்ற பிறமலைக் கள்ளர்மீது ஆங்கிலேயரின் காவற்படை சுட்டது. மாயக்காள் என்னும் பெண்ணுட்பட 15 பேருக்கு மேல் மாண்டனர். அவர் அங்கே புனைந்துகொண்டிருந்ததை இவர்கள் இங்கே சுட்டு நிறைவேற்றிக்கொண்டிருந்தனர்.

1871 இல் வடபுலத்தில் தொடங்கி, 1911 இல் சென்னை மாநிலத்திற்கும் நீண்ட சட்டம் அது. கம்பம் பள்ளத்தாக்கில் குடியேறி உழுதுண்ட கள்ளரையும் அது விடவில்லை. பதிவேட்டில் ஏறியவன் குறித்த வேளையில் காவலர்முன் நிற்க வேண்டும். ஊர்விட்டு ஊர் போக இராத்தாரிச் சீட்டு வேண்டும். உசிலம்பட்டியில் உடன்பிறந்தாள் வீட்டில் சாவென்றாலும் சீட்டு! இரவில் வீட்டிலன்று, சாவடியிற் படுக்கை. (மக்கள் இதனைக் 'கைரேகைச் சட்டம்' என்றனர். 'ரேகை' வடசொல், நமக்குக் 'கைவரி' உண்டு. ஆயினும் அம்மக்கள் நொந்து இட்ட பெயரைத் திருத்த எனக்கு உளம் வரவில்லை.)

"திருட்டு இருந்தது, சட்டம் வந்தது" என்பாரும் உளர். திருடியவனை ஒறுக்க வேறு சட்டம் இல்லையா? இச்சட்டம் கேட்டது செய்த குற்றத்தை அன்று, பிறந்த குடியை. ஏரைப் பிடித்தவனும் ஏட்டில் ஏறினான்.

'1984' என்னும் புதினத்தை 1949 இல் வெளியிட்ட ஆர்வெல், பீகாரில் மோத்திகாரியிற் பிறந்தவர். 1922 முதல் 1927 வரை பருமாவில் அதே பேரரசின் காவற்றுறையிற் பணி செய்தவர். அவர் புனைந்த அரசு சொற்களை ஒவ்வொன்றாக ஒழிக்கிறது. சொல் ஒழிந்தால் எண்ணமும் ஒழியும் என்பது அதன் கணக்கு. தமிழாசிரியனாகிய எனக்கு அந்நூலில் உறைப்பது இதுவே. இங்கோ 'குற்றப் பரம்பரை' என்னும் இரு சொல்லால் தொட்டிற் பிள்ளையும் குற்றவாளி ஆனது. அயலான் சூட்டிய இழிபெயரை வடசொல் ஒட்டி மொழிபெயர்த்து, இன்றும் நாமே எழுதுகிறோம், மேடையில் முழங்குகிறோம். வெட்கமில்லையா?

முத்துராமலிங்கர் முதலானோர் போராட, 1947 இல் சென்னை மாநிலத்தில் சட்டம் ஒழிந்தது, சொல் ஒழியவில்லை. 'சீர்மரபினர்' என்னும் நற்றமிழ்ச் சொல் பிறந்த பின்பும் அரசின் சொல்விளையாட்டு ஓயவில்லை. 1979 இல் ஓர் ஆணையால் 'பழங்குடியினர்' 'வகுப்பினர்' ஆயினர். 2019 இல் நடுவணரசின் சலுகைக்கு ஒரு பெயர், மாநிலச் சலுகைக்கு வேறு பெயர். ஒரே மாந்தனுக்கு இரண்டு உண்மை!

அண்மையில் எங்களூர்ப் பங்கீட்டுக் கடையில் விரல் வைக்கும் கருவிமுன் நின்றார் ஒரு முதியவர். தொண்ணூறு தொட்டவர், சிறுவனாய்ச் சாவடிக்குத் தந்தையைத் தேடிப்போய்க் கஞ்சி கொடுத்தவர். கருவியைக் கண்டதும் கையை வேட்டிக்குள் மறைத்துக்கொண்டார். "ரேகை வையி தாத்தா" என்றாள் பின்னின்ற சிறுமி.

"எங்கய்யா வச்சதே போதும் தாயி" என்று பையை மடித்துக்கொண்டு படியிறங்கிப் போனார்.