காத்திருக்கும் நீதி



நீதி கேட்டு நடுவரை விடாது நாடிய கைம்பெண்ணை இயேசுவின் உவமையில் காண்கிறோம். அவள் நிலையே அமெரிக்கப் படைவீரர் பலருக்கும் நேர்ந்தது.

1962 முதல் 1971 வரை வியட்நாம் போரில் ‘ஏஜென்ட் ஆரஞ்சு’ முதலிய களைக்கொல்லிகளை அந்நாட்டுப் படை தெளித்தது. பின்னாளில் சிறுநீர்ப்பைப் புற்றுநோயுற்ற வீரர், அந்நஞ்சே காரணமெனத் தாமே மெய்ப்பிக்க வேண்டியிருந்தது. 2016-இல் அறிஞர் குழுவொன்று அத்தொடர்பைச் சுட்டிக்காட்டியது. ஆயினும் 2021 ஜனவரியில் வந்த சட்டமே அந்நோயைப் பணியால் விளைந்ததெனக் கொண்டு, மெய்ப்பிக்கும் சுமையை நீக்கியது. இறந்தோரின் கைம்பெண்களும் இன்று உதவித்தொகை கோரலாம்.

அதற்குள் கல்லறை சென்றோர் எத்தனையோ பேர்! கோப்பில் கையொப்பமிடும் நம்மவரும், அதன் பின்னே ஒரு நோயாளி காத்திருப்பதை மறவாதிருப்பாராக.