தறி நின்ற நாளுக்கும் கணக்கு வேண்டும்

ஆரணிப் பட்டுக்குப் புவிசார் குறியீடு இருக்கிறது. முகூர்த்த மாதங்களில் கடைகளில் கூட்டமும் இருக்கிறது. குறைந்துகொண்டே வருவது தறியில் உட்காரும் ஆட்கள்தான். நெசவாளர் வீட்டுப் பிள்ளைகள் செய்யாறு சிப்காட்டில் காலணி தைக்கப் போகிறார்கள். ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் என்று கம்பெனி பஸ் ஏறுகிறார்கள். ஏன் என்று கேட்டால், "கூலி கட்டுப்படி ஆகல" என்ற பதில் உடனே வருகிறது.

அந்தப் பதில் உண்மை. 2019-20-இல் நடந்த நான்காவது அகில இந்தியக் கைத்தறிக் கணக்கெடுப்பில் நாடு முழுவதும் 31.45 லட்சம் கைத்தறிக் குடும்பங்கள் பதிவாயின. அவற்றில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்குக் குடும்பங்களின் மாத வருமானம் 5,000 ரூபாய்க்கும் கீழே. கூலி உயர வேண்டும் என்பதில் இவ்விதழுக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் கூலியை மட்டும் பேசிவிட்டு நிறுத்தினால், நெசவாளர் கூட்டுறவுச் சங்க மேலாளர்களும் பட்டு உற்பத்தியாளர்களும் தங்கள் கையிலேயே இருக்கும் பாதிப் பொறுப்பைத் தட்டிக் கழித்ததாகிவிடும். தொழிற்சாலை ஓர் இளைஞருக்குத் தருவது சம்பளம் மட்டுமல்ல. இத்தனை மணிக்கு வேலை, இந்தத் தேதியில் பணம், இந்தக் கிழமை விடுப்பு, இவ்வளவு பிடித்தம் என்ற தெளிவையும் தருகிறது. நெசவில் இந்த நான்கில் எது நெசவாளருக்கு முன்கூட்டித் தெரிகிறது?

நெசவாளரின் மாதத்தை அவர் வீட்டுத் திண்ணையிலிருந்து பார்க்க வேண்டும். கையிலிருந்த பாவு முடிகிறது. அடுத்த பாவு வருவதற்குள் சில நாள் போகும். பட்டு விலை ஏறிய நேரமாக இருந்தால், கடையில் சரக்கு தேங்கிய ஆடி மாதமாக இருந்தால், அது வாரக் கணக்கில் நீளும். நூல் வந்தால் சாயம் தாமதம், சாயம் வந்தால் ஜரிகை இல்லை. ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் தெருவில் பாவு நீட்ட முடியாது. தறிக்குழியில் ஈரம் ஊறும். இந்த நாட்களில் அவர் வேலையில்லாதவர் அல்லர். தறியை விட்டு வேறு வேலைக்குப் போக முடியாமல், எப்போது அழைப்பு வரும் என்று தெரியாமல் நம்முடைய வேலைக்காகவே காத்திருப்பவர். அந்த நாட்கள் நம் பேரேட்டில் எங்கும் இல்லை.

பாவு வந்த பிறகும் உடனே கூலி ஓடத் தொடங்குவதில்லை. விடியற்காலை வெயில் ஏறுவதற்கு முன் தெருவில் பாவை நீட்டி, கஞ்சி தெளித்து, அறுந்த இழைகளைத் தேடி முடிந்து, சுருட்டி எடுத்துவர நாலைந்து பேர் வேண்டும். அக்கம்பக்கத்தார் ஒருவருக்கொருவர் கைமாற்றாகச் செய்துகொள்ளும் வேலை இது. பிறகு பாவு பிணைத்தல். தறியில் நிற்கும் பழைய பாவின் ஒவ்வோர் இழை முனையோடும் புதிய பாவின் இழை முனையைச் சேர்த்து விரல் நுனியில் முறுக்க வேண்டும். ஒரு சேலைக்கு ஆயிரக்கணக்கான இழைகள். ஓர் இழை இடம் மாறிப் பிணைந்தால் சேலை முழுக்கக் கோடு விழும். பெரும்பாலும் வீட்டுப் பெண்கள் தரையில் குனிந்து உட்கார்ந்து செய்கிறார்கள். வெளியாளை வைத்தால் அந்தக் கூலி நெசவாளர் கையிலிருந்தே போகிறது. நெசவு நடக்கும் நாள் முழுக்கத் தார் சுற்றித் தருவதும் வீட்டு ஆள்தான். ஒரு சேலைக்கு இவ்வளவு என்று நாம் எழுதும் ஒற்றைத் தொகைக்குள் இத்தனை பேருடைய உழைப்பும் அடங்கிவிட்டதாக நாம் எண்ணிக்கொள்கிறோம். பாஸ்புத்தகத்தில் இருப்பதோ ஒரே பெயர்.

சேலையை ஒப்படைக்கும் மேசையையும் பார்ப்போம். மேலாளர் சேலையை விரிக்கிறார், வெளிச்சத்தில் பிடிக்கிறார், ஊடை விட்டுப்போன இடம் இருக்கிறதா என்று விரலோட்டுகிறார். தராசில் வைத்து, கொடுத்த பட்டு, ஜரிகை எடையோடு ஒப்பிடுகிறார். எடை குறைந்தால் பிடித்தம், கறை இருந்தால் பிடித்தம். தரம் பார்ப்பது நியாயம். பட்டின் விலை அப்படி. ஆனால் பிடித்தத்துக்கு எழுதிய அளவுகோல் எத்தனை இடங்களில் இருக்கிறது? நூலே வலுவில்லாமல் வந்ததா, சாயம் ஒட்டவில்லையா, நெசவில் தவறா என்று பிரித்துப் பார்க்கும் வழக்கம் எத்தனை இடங்களில் இருக்கிறது? எல்லாப் பழுதும் கடைசியாகத் தொட்டவர் தலையிலேயே விழுந்தால், அடுத்த தலைமுறை அந்த இடத்தில் உட்காராது.

நாம் சொல்ல வருவது இதுதான்: நெசவாளரின் வேலை அனுபவத்தைக் கெடுப்பது தறி அல்ல, தறிக்கு வெளியே நாம் செய்திருக்கும் ஏற்பாடு. அதை மாற்ற டெல்லி ஆணைக்கோ சென்னை அறிவிப்புக்கோ காத்திருக்க வேண்டியதில்லை.

2020-க்குப் பிறகு நகரத்து அலுவலகங்கள் வீட்டிலிருந்து வேலை செய்வதைப் பெரும் புதுமையாகப் பேசின. நாற்காலிக்குப் பணம், இணையத்துக்குப் படி, வேலை நேரத்துக்கு வரம்பு என்று விதிகள் வகுத்தன. ஆரணியில் வீடே பணியிடமாகப் பல தலைமுறை ஆகிவிட்டது. தறி நெசவாளருடையது, இடம் அவருடையது, தேய்மானம் அவருடையது. தமிழக அரசு கைத்தறி நெசவாளருக்கு இரு மாதத்துக்கு 300 யூனிட் மின்சாரம் இலவசமாகத் தருகிறது. வேலை கொடுப்பவர் தரப்பிலிருந்து வருவது என்ன என்று நாமே கேட்டுக்கொள்ள வேண்டும்.

"வீட்டில் இருந்து நெய்பவரை ஊழியர் என்று எப்படிச் சொல்வது?" என்ற கேள்வி வரும். பக்கத்துக் குடியாத்தத்தில் பீடி சுற்றுவோரின் கதை இதற்கு விடை. 1966-ஆம் ஆண்டு பீடித் தொழிலாளர் சட்டம் வீட்டிலிருந்து சுற்றுபவரையும் தொழிலாளியாக ஏற்றது. 1985-இல் உச்ச நீதிமன்றம் அவர்களுக்கும் வருங்கால வைப்பு நிதி உண்டு என்று தீர்ப்பளித்தது. அந்தச் சட்டத்தின்கீழ் சில மாநிலங்கள் வகுத்த விதிகளில், தரம் குறைவு என்று பீடியைக் கழிப்பதற்கே உச்சவரம்பு வைத்தார்கள். பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பு 1996-இல் வீட்டுப்பணி பற்றிய 177-ஆம் உடன்படிக்கையை ஏற்றது: ஊதியம், பாதுகாப்பு, பயிற்சி, சமூகப் பாதுகாப்பு எதிலும் வீட்டில் வேலை செய்பவர் மற்றவருக்குக் குறைந்தவர் அல்லர் என்பது அதன் சாரம். இந்தியா இன்னும் அதை ஏற்று உறுதி செய்யவில்லை. ஆனால் அந்த நெறியை நம் சங்கத்தில் பின்பற்ற யாரும் தடை விதிக்கவும் இல்லை.

வேலை ஏற்பாட்டை மாற்றினால் என்ன நடக்கும் என்பதற்கு உலகம் இன்றும் எடுத்துக்காட்டும் சோதனை ஒன்று நெசவிலேயே, இந்தியாவிலேயே நடந்தது. 1953-இல் அகமதாபாத் காலிகோ மில்லில் தானியங்கித் தறிகள் போட்டும் எதிர்பார்த்த பலன் இல்லை. லண்டன் டாவிஸ்டாக் நிறுவனத்திலிருந்து ஆய்வாளர் ஏ. கே. ரைஸ் வந்து பார்த்தார். 224 தறிகளுக்கு 29 பேர். அவர்களிடையே 12 வகைத் தனித்தனி வேலைகள். இழை முடிபவர் ஒருவர், தார் மாற்றுபவர் ஒருவர், எண்ணெய் போடுபவர் ஒருவர். யாருக்கும் எந்தத் தறியும் முழுதாகச் சொந்தமில்லை. ஒரு தறித் தொகுதிக்கு ஒரு சிறு குழு முழுப் பொறுப்பேற்கட்டும் என்ற யோசனை பேச்சில் எழுந்ததும், தொழிலாளர்களே முன்வந்து தங்களுக்குள் குழு அமைத்துக்கொண்டார்கள். உற்பத்தி கூடியது, பழுது குறைந்தது. 1970-இல் அதே நிறுவனத்தின் எரிக் மில்லர் மீண்டும் அந்த மில்லுக்குப் போய்ப் பார்த்தபோது, ஒரு கூடத்தில் அந்த முறை ஏறக்குறைய அப்படியே நிலைத்திருந்தது. இன்னொன்றில் தேய்ந்து பழைய வழிக்குத் திரும்பியிருந்தது. தறி ஓட்டுபவரின் பேச்சுக்கு இடம் கொடுத்தால் தரம் உயரும் என்பது முதற்பாடம். அந்த ஏற்பாட்டை நிர்வாகம் தொடர்ந்து தாங்கிப் பிடிக்காவிட்டால் அது நிலைக்காது என்பது அடுத்த பாடம்.

ஆரணியில் இன்றே செய்யக்கூடியவை சில.

முதலாவது, உறுப்பினர் பதிவேட்டில் 'தறி நின்ற நாள்' என்று ஒரு பத்தி. பாவு முடிந்த தேதி, அடுத்த பாவு கொடுத்த தேதி, இடைவெளிக்குக் காரணம்: நூலா, சாயமா, ஜரிகையா, பணமா, மழையா. மூன்று மாதம் எழுதினால் போதும், எங்கே அடைப்பு என்று கண்ணுக்குத் தெரிந்துவிடும். எழுதாத இழப்பை எந்த நிர்வாகக் குழுவும் விவாதிப்பதில்லை.

இரண்டாவது, பாவு வழங்கும் நாளையும் கூலி தரும் நாளையும் முன்கூட்டி அறிவிப்பது. தேதி தவறினால் நெசவாளர் சங்கத்துக்கு நடையாய் நடக்கக் கூடாது. சங்கம் போனில் சொல்ல வேண்டும். கையில் ஒரு பாவு முடிவதற்குள் அடுத்த பாவுக்கான சாயத் திட்டம் தயாராக இருக்க வேண்டும்.

மூன்றாவது, கூலியைப் பிரித்து எழுதுவது. பாவு நீட்ட இவ்வளவு, பிணைக்க இவ்வளவு, தார் சுற்ற இவ்வளவு, நெய்ய இவ்வளவு. பிரித்த தொகையில் வீட்டுப் பெண்ணின் பங்கு அவர் பெயரிலேயே பதிவாகட்டும். சங்க உறுப்பினர் உரிமையும், சேமிப்புத் திட்டமும், அடையாள அட்டையும் பெயர் இருப்பவருக்குத்தான் வந்து சேரும்.

நான்காவது, பிடித்தத்துக்கு எழுத்தில் அளவு. நெசவாளர் எதிரிலேயே சேலை பார்க்கப்பட வேண்டும்; காரணம் அவர் புத்தகத்தில் எழுதப்பட வேண்டும்; நூல், சாயக் கோளாறு அவர் கணக்கில் ஏறக் கூடாது. மறுத்துப் பேச, நெசவாளர்களும் உட்காரும் ஒரு சிறு குழு வேண்டும்.

ஐந்தாவது, உடம்பு. முதுகும் முழங்காலும் கண்ணும்தான் நெசவாளரின் மூலதனம். குழியின் ஆழம், பலகையின் உயரம், ஜக்கார்டு பெட்டியின் மிதிப் பளு ஆகியவற்றை வீடு வீடாகப் போய் அளந்து பார்ப்பதும் மேலாளரின் வேலையே. மோட்டார் பொருத்தி ஜக்கார்டைத் தூக்கும் கருவிக்கும், விளக்குக்கும், தறிக்கூடத்துக்கும் மத்திய அரசின் திட்டங்களில் உதவி உண்டு. விண்ணப்பத்தை நிரப்பி, பின்தொடர்ந்து வாங்கித் தருவதைச் சங்க அலுவலகம் தன் அன்றாடக் கடமையாக ஏற்க வேண்டும்.

சந்தை நம் கையில் இல்லை, பட்டு விலை நம் கையில் இல்லை, சிறு உற்பத்தியாளர் எப்படித் தாங்குவார் என்று கேட்பவர்களின் கவலை நியாயமானது. விலை ஏறும்போது அவரும்தான் முடங்குகிறார். தறி நின்ற ஒவ்வொரு நாளுக்கும் முழுக்கூலி கொடுங்கள் என்று இவ்விதழ் கேட்கவில்லை. ஆனால் இன்று சந்தையின் ஏற்ற இறக்கம் முழுவதையும் சுமப்பவர் வரிசையில் கடைசியாக இருக்கும் நெசவாளர். அந்தப் பாரத்தில் ஒரு பங்கை ஏற்பது முதலில் தகவலால் முடியும், பிறகு திட்டமிடலால் முடியும், அதன்பின் ஆண்டு லாபத்திலிருந்து ஒதுக்கும் சிறு காத்திருப்புப் படியால் முடியும். மேற்சொன்ன ஐந்தில் முதல் நான்குக்குப் பெரிய முதலீடு எதுவும் வேண்டாம். பேனாவும் சொன்ன சொல் தவறாமையும் போதும். நல்ல நெசவாளர் ஒருவர் தறியை விட்டு இறங்கிவிட்டால் அவரிடத்தில் இன்னொருவரை உட்கார வைக்க ஆண்டுகள் ஆகும். அந்த இழப்பையும் சேர்த்துப் பார்த்தால், இந்தச் செலவு செலவே அல்ல.

வரும் பேரவைக் கூட்டத்துக்கு முன் ஒரு காரியம் செய்யுங்கள். உங்கள் சங்கத்தில் தறி நின்ற நாட்களைக் கடந்த ஆறு மாதத்துக்குத் தொகுத்து, காரணத்தோடு, உறுப்பினர் முன்னிலையில் வாசியுங்கள். விற்பனை, லாபம், கடன் நிலுவை ஆகியவற்றோடு அதுவும் ஆண்டறிக்கையில் அச்சாகட்டும். அந்த எண்ணிக்கையை உண்மையிலேயே குறைக்கும் மேலாளரே திறமையான மேலாளர் என்ற மதிப்பீடு நம் துறையில் வர வேண்டும்.

— ஆசிரியர்