புழங்காத பணம், பொருளற்ற உறுதிமொழி

நினைவு வெளியீடுகளாக வரும் பணத்தாள்களின் அழகும் அருமையும் வியக்கப்படும் அளவுக்கு, அவை சொல்லும் சொல் ஆராயப்படுவதில்லை. அச்சொல் பொய் என்பதே என் வாதம்.

2017இல் மலேசிய மத்திய வங்கி, மலாயாக் கூட்டமைப்பு விடுதலை ஒப்பந்தத்தின் அறுபதாம் ஆண்டையொட்டி 600 ரிங்கிட் தாளை வெளியிட்டது. நீளம் 370 மி.மீ., அகலம் 220 மி.மீ. அச்சானவை 6,000. காட்சி உறையோடு விலை 1,700 ரிங்கிட். சட்டப்படி அது செல்லும். ஆனால் 1,700 கொடுத்து வாங்கியதை 600க்குக் கடையில் நீட்டுவார் உண்டோ?

நம் நாடும் விலக்கன்று. 2023 மே 28 அன்று புதிய நாடாளுமன்றத் திறப்பையொட்டி வெளியான 75 ரூபாய் நாணயத்தின் எடை 35 கிராம். அதில் பாதி வெள்ளி. அவ்வெள்ளியின் விலையே முகமதிப்பைப் பன்மடங்கு விஞ்சுகிறது.

பணம் ஒரு பேச்சுச்செயல். நம் ரூபாய்த் தாளில், அதைக் கொண்டுவருபவருக்கு அத்தொகையைத் தருவதாக ரிசர்வ் வங்கி ஆளுநர் உறுதிகூறிக் கையொப்பமிடுகிறார். மேடையில் நடிகர் கூறும் வாக்குறுதி உள்ளீடற்றது என்றார் ஜே. எல். ஆஸ்டின். எவரும் நிறைவேற்றக் கேட்கமாட்டார் என்ற கணக்கில் வெளியிடப்படும் பணமும் அத்தகையதே. நாடகத்திலாவது அது மேடை என்பதை அவையோர் அறிவர். இங்கோ அரசே மேடையை மறைக்கிறது.

விரும்பியவர் வாங்குகிறார், யாருக்கு இழப்பு என்று கேட்கலாம். விற்கப்படுவது காகிதமும் வெள்ளியும் மட்டுமல்ல. 'இது செல்லும்' என்று அறிவிக்கும் அதிகாரமும் சேர்ந்தே விலைபோகிறது. அது பொதுச்சொத்து. 2016 நவம்பர் 8 இரவு அதே அதிகாரம் 500, 1000 ரூபாய்த் தாள்களைச் செல்லாதவை என்றது. மறுநாள்களில் வங்கி வாசலில் வரிசையில் நின்றவர்கள் அச்சொல்லின் கனத்தை அறிவார்கள். அத்தகைய சொல்லை அலமாரிப் பொருளுக்கு விலையேற்றப் பயன்படுத்துவது முறையாகுமா? 2015 முதல் பிரான்சில் சுற்றுலாப் பயணிகளுக்கு விற்கப்படும் 0 யூரோ தாள் இவற்றினும் நேர்மையானது. தன் மதிப்பு இன்னதென்று தானே சொல்லிவிடுகிறது.

நினைவுகூர்தலை நான் எதிர்க்கவில்லை. 1969இல் காந்தி நூற்றாண்டுக்கு, சேவாகிராமப் பின்னணியில் அவர் அமர்ந்திருக்கும் உருவத்தோடு 2, 5, 10, 100 ரூபாய்த் தாள்கள் வந்தன. அவை கூலியாயின, அரிசியாயின, கைமாறிக் கைமாறிக் கசங்கின. அந்த நினைவு மக்களிடம் சென்று சேர்ந்தது.

ஆகவே, புழங்கவிடும் எண்ணமிருந்தால் பணமென்று வெளியிடுங்கள். பேழைக்குள் வைக்கத்தான் என்றால் முகமதிப்பை நீக்கி, பதக்கமென்று பெயரிட்டு விற்றுக்கொள்ளுங்கள்.